இல்லத்துள் பூட்டிய துயரம்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவில் கல்வி நிதியைப் பற்றியோ மாணவர் விடுதியைப் பற்றியோ சில சொற்கள் கூறுமாறு நமது காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். அவ்விரண்டும் இன்றியமையாதனவே. எனினும், அவற்றைப் பற்றிப் பேசுதற்குத் தகுதியுடையார் இவ்வவையிற் பலர் உளர். யாம் அறிந்த வரையில் இம்மேடையில் இதுகாறும் ஒருவரும் எடுத்துக்கொள்ளாத பொருள் ஒன்று உண்டு. அதனைப் பேசுதற்கு அநுமதி வேண்டினோம். காரியதரிசி அவர்கள் சிறிது தயங்கினார்கள், பின்னர் இசைந்தார்கள். அத்தயக்கத்திற்காக அவர்களை யாம் குறைகூறோம். இதனைப் பேசத் துணிதற்கு எமக்கே ஈராண்டு சென்றது.

அப்பொருள் யாதெனில், வளரிளம் பருவத்து நம் பிள்ளைகட்கு மனநோய் வருங்கால், அவரைப் பெற்றோர் ஒருவர்க்கொருவர் எங்ஙனம் துணையாதல் கூடும் என்பதாம்.

மனநோய் என்றவுடன் ‘பைத்தியம்’ என்னும் ஒரு சொல்லே நம் நாவில் வந்து நிற்கின்றது. அச்சொல்லைச் சற்றே ஒதுக்கிவைத்து நோக்குவோமாக. மாதக்கணக்கில் நீங்காத சோர்வு. பள்ளிக்கூட வாயிலைக் கண்டதும் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் அச்சம். உண்ண மறுத்து உடல் மெலிதல். எத்தனை முறை கழுவினும் கையில் அழுக்குப் போகவில்லை என்னும் எண்ணம். பிறர் செவியில் விழாத குரல் தன் செவியில் விழுதல். தன் கையைத் தானே கீறிக்கொள்ளுதல். இவையெல்லாம் ஒரே நோயின் குறிகள் அல்ல. வெவ்வேறு நோய்களைக் காட்டுவன. வெவ்வேறு சிகிச்சை வேண்டுவன. அந்நோய்களுட் பல முற்றிலும் நீங்குவன. சில, நீரிழிவைப் போல் நெடுநாள் மருந்துண்டு அடக்கி வாழத்தக்கன.

இந்நோய்கள் அருகியே வருவன என்று எண்ணுவோரும் உளர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 10 முதல் 19 வயது வரையுள்ள எழுவரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநோய் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதினரில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேருக்கு மனநோய் இருந்தமை தெரியவந்தது. இரண்டிற் சிறிய எண்ணையே கொள்வோம். இம்மண்டபத்தில் அப்பருவத்துப் பிள்ளைகள் இருநூற்றுவரின் பெற்றோர் அமர்ந்திருப்பின், அப்பிள்ளைகளுள் ஏறக்குறையப் பதினால்வர் இவ்வாறு துன்புறுவர். அப்பதினான்கு குடும்பங்களும் எங்கே? இங்கேதான் இருக்கின்றன. பந்தியில் நம் பக்கத்து இலையிலேயே அமர்ந்து உண்கின்றன. ஆயின், ‘என் பிள்ளை மனநோயுற்றிருக்கிறான்’ என்று அவருள் ஒருவரேனும் நம்மிடம் சொல்லக் கேட்டதுண்டா?

யாமும் அவ்வாறு சொல்லாதிருந்தவரே.

எம் மகனுக்கு இப்போது வயது 19. இவ்வவையில் யாது கூறலாம், யாது கூறலாகாது என்று முதலில் அவனையே வினவினோம். ‘உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள், அப்பா. எனக்கு நேர்ந்தது என்னுடையது. அதை வேண்டும்போது நானே சொல்லிக்கொள்கிறேன்’ என்றான். ஆதலின் அவன் நோயின் பெயரை இங்குக் கூறோம். எம் அறியாமையை மட்டுமே கூறுவோம்.

அவன் பத்தாம் வகுப்பிற் பயின்றபோது, அரையாண்டுப் பரீட்சைக்குப் பின் பள்ளிக்குச் செல்ல மறுத்தான். பகலில் உறங்கினான், இரவில் விழித்திருந்தான். முதலில் யாம் சோம்பல் என்றோம். பின்னர்க் கைப்பேசியால் வந்த கேடு என்றோம். அதன்பின் சேர்க்கை சரியில்லை என்றோம். கடைசியில் கண்ணேறு என்று கருதித் திருஷ்டி கழித்தோம். ஒரு நாள் அவன்மேற் கையும் ஓங்கினோம். அதனை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றோம். வைத்தியரிடம் அழைத்துச் செல்லப் பதினொரு மாதம் ஆயிற்று.

ஏன் அத்தனை காலம் என்று கேட்பீர்கள். அறியாமை பாதி, அச்சம் பாதி. எம் மூத்த மகளின் ஜாதகம் வெளியே போயிருந்த காலம் அது. ‘தம்பிக்குப் புத்தி சுவாதீனம் இல்லையாம்’ என்று ஒரு சொல் பொருத்தம் பார்க்க வருவோர் செவியில் விழுமாயின் அவள் வாழ்வு என்னாகும் என்று அஞ்சினோம். உறவினர்க்கு முதலில் மஞ்சட்காமாலை என்றோம். பிறகு, மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்றோம். ஆயின் அவன் எம் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். விருந்தினர் வரும் நாட்களில் கீழே இறங்கி வரலாகாது என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தோம். ‘நான் இருப்பதே உங்களுக்கு வெட்கமா?’ என்று அவன் ஒரு முறை கேட்டான். யாம் விடை கூறவில்லை. நோய் அவனை ஒரு பக்கம் வருத்த, எம் மௌனம் மற்றொரு பக்கம் வருத்தியது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

உள்ளூரிலேயே மனநல வைத்தியர் இருந்தும், அறிந்தவர் கண்ணிற் படலாகாது என்று மூன்று மணி நேரம் பேருந்திற் சென்று வேற்றூர் வைத்தியரைக் கண்டோம். இரண்டாம் முறை சென்றபோது, அங்குக் காத்திருக்கும் கூடத்தில் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று தம் மகளோடு அமர்ந்திருந்தது. அக்குடும்பத் தலைவர் நம் கலியாணங்களில் எத்தனையோ முறை சந்தனக் கிண்ணத்துடன் வாயிலில் நின்று எம்மை வரவேற்றவர். எம்மைக் கண்டதும் அவர் குனிந்து கைப்பேசியை நோக்கத் தொடங்கினார். யாம் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கத் தொடங்கினோம். அன்றைக்கு அவ்வறிவிப்பை ஏழெட்டு முறை படித்திருப்போம். அடுத்த முறையும் அங்ஙனமே. இடையில் ஒரு கலியாணத்தில் எதிர்ப்பட்டோம். ‘தம்பி நலமா?’ என்றார். ‘நலம், பாப்பா நலமா?’ என்றோம். ‘நலம்’ என்றார். இருவரும் பொய் கூறினோம். மற்றவர் கூறுவது பொய் என்பதையும் இருவரும் அறிவோம்.

நான்காம் முறை சென்ற நாளில் வைத்தியர் வர நேரமாயிற்று. இரு குடும்பங்களுக்கும் நடுவில் ஒரு முஸ்லிம் அம்மையார் அமர்ந்திருந்தார். பல ஆண்டுகளாகத் தம் மகனை அங்கு அழைத்து வருபவர். பையிலிருந்த தேநீரை ஊற்றி எம் மனைவியிடம் நீட்டி, ‘முதல் வருஷம் நானும் இப்படித்தான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், தங்கச்சி’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எம் மனைவியின் கண்கள் கலங்கின. அதைக் கண்டு மற்றை வீட்டு அம்மாள் எழுந்து வந்து, ‘அக்கா’ என்று கையைப் பற்றிக்கொண்டார். அன்று மாலை இரு குடும்பங்களும் ஒரே பேருந்தில் ஒன்றாகத் திரும்பினோம்.

அம்மூன்று மணி நேரத்தில் யாம் அறிந்துகொண்டவை பல. மருந்து தொடங்கியவுடன் பயன் தெரியாது, பல நோய்களுக்குச் சில வாரங்கள் செல்லும் என்பதை வைத்தியர் முன்னரே சொல்லியிருந்தார். ஆயினும் அது எம் மனத்திற் பதியவில்லை. அவர்கள் மகளுக்கு ஐந்தாம் வாரத்தில் முதன்முதல் பசி எடுத்ததைக் கேட்டபோதுதான் பதிந்தது. ‘குணமாகிவிட்டது’ என்று தாமாகவே மருந்தை நிறுத்தி, நோய் மீண்டும் வந்து அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டபோதுதான், நிறுத்துவதும் குறைப்பதும் வைத்தியர் சொற்படியே நடைபெற வேண்டும் என்பது விளங்கிற்று. நோயுற்ற பிள்ளையையே நோக்கிக்கொண்டிருந்து, அவர்கள் இளைய மகன் இரவுணவு உண்டானா என்பதைக்கூடக் கவனியாது விட்ட நாட்களை அவர்கள் சொன்னார்கள். எமக்கு எம் மூத்த மகளின் முகம் நினைவிற்கு வந்தது. ‘வளர்ப்புச் சரியில்லை’ என்று மாமியாரும் நாத்திகளும் தம்மையே குற்றஞ் சாட்டினர் என்று அவ்வம்மாள் சொன்னபோது, எம் மனைவி, ‘எனக்கும்’ என்றாள். அதுவரை அவள் அதனை எம்மிடங்கூடச் சொன்னதில்லை.

அன்பர்களே! வைத்தியர்க்கு மாற்றாக இத்துணையை யாம் கூறவில்லை. நோய் இன்னதென ஆராய்வதும் மருந்து கொடுப்பதும் உளச் சிகிச்சை அளிப்பதும் அவர் தொழில். எனினும் அவர் மாதம் ஒருமுறை சில நிமிடமே நம் பிள்ளையைக் காண்பவர். எஞ்சிய நாட்களில் காலையில் எழுப்புவது எங்ஙனம், சினந்து கதவை அறையும்போது என்ன சொல்வது, பள்ளித் தலைமையாசிரியரிடம் எவ்வளவு சொல்வது, பாட்டிக்கு என்ன சொல்வது என்னும் கேள்விகள் பெற்றோர் தலையிலேயே விழுகின்றன. அவ்வழியில் முன்னே நடந்து சென்றவர் ஒருவர் உடனிருப்பின் பாதிப் பாரம் குறைகின்றது.

இது புதிய எண்ணமன்று. மனநோய் மருத்துவமனையெனின் உயர்ந்த மதிலும் பூட்டிய கதவுமே என்றிருந்த 1950களில், அமிர்தசரஸ் நகரத்து மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் என்பார் வளாகத்தினுள்ளேயே கூடாரங்கள் அமைத்து, நோயாளரின் குடும்பத்தாரை உடன் தங்கச் செய்தார். பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை தேறி வருவதைக் கண்ட தாய்க்குத் தன் பிள்ளையும் தேறுவான் என்னும் நம்பிக்கை பிறத்தல் இயல்பன்றோ? நம் வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து பாகாயத்தில் அதே காலத்தில் தோன்றிய மனநல மையமும், குடும்பத்தார் நோயாளருடன் தங்குவதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொண்டது.

இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டில், மனச்சிதைவு நோயுற்ற மகனைப் பெற்ற ஜான் பிரிங்கிள் என்பார், அத்தகைய குடும்பங்கள் படும் துயரைக் குறித்து ‘தி டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதினார். அதனைக் கண்ட பிற குடும்பத்தார் அவருக்கு எழுதினர். அவர்கள் கூடி 1972இல் தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டனர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் ஹாரியட் ஷெட்லர், பெவர்லி யங் என்னும் இரு தாய்மார், இருவர் மைந்தர்க்கும் ஒரே நோய் என்றறிந்து பேசத் தொடங்கினர். அப்பேச்சின் பயனாக 1979இல் அந்நகரில் பல ஊர்க் குடும்பங்கள் ஒருங்குகூடித் தேசிய அமைப்பை நிறுவின. இளம்பிள்ளைகளின் பெற்றோர்க்கென அவ்வமைப்பு நடத்தும் வகுப்புகளில், அத்தகைய பிள்ளைகளை வளர்த்த பெற்றோரே ஆசிரியராக இருந்து கற்பிக்கின்றனர். நம் சென்னையில் டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984இல் ‘ஸ்கார்ப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மனநோயுற்றோரின் குடும்பத்தாரே கூடி நடத்தும் ‘ஆஷா’ என்னும் அமைப்பும் அந்நகரில் உருவாயிற்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலில் நிகழ்ந்தது ஒன்றே: யாரோ ஒருவர் வாய் திறந்தார்.

நம்மிடையே ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை? இதற்கு விடை கூறுங்கால் யாம் சிறிது கடுமையாகப் பேசின் பொறுத்தருள்க. தடை நாமே. அயலூரார் அறிந்தால் பெற்றோர் அத்துணை அஞ்சுவதில்லை. சொந்தக்காரர் அறிந்தால் அஞ்சுகின்றனர். பேருந்தில் அருகே அமர்ந்த அந்நியரிடம் சொல்லிவிடுகின்றனர். நம் சங்கத்தாரிடம் சொல்லார். ஏனெனில் நாம் பெண் கொடுப்போரும் பெண் கொள்வோரும் ஆவோம். நம் மாத வெளியீட்டில் மணமக்கள் விவரம் அச்சிடும் பக்கங்களையே பலர் முதலிற் புரட்டுகின்றோம். கைப்பேசிக் குழுக்களில் ஒரு செய்தி காலையிற் புறப்பட்டு மாலைக்குள் மும்பை, கோலாலம்பூர் வரை சென்று சேர்கின்றது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதை ஒவ்வொரு தாயும் அறிவாள். துன்பத்தில் தாங்குவதற்கென ஏற்பட்ட உறவே, துன்பத்தை மறைக்கச் செய்யும் காரணமாகியுள்ளது. இதனினும் வருந்தத்தக்கது ஒரு சங்கத்திற்கு வேறு யாது உண்டு?

மறைப்பதால் விளையும் கேட்டையும் எண்ணிப் பார்ப்போமாக. மனநோய்களுட் பல இளமையிலேயே தொடங்குவன. தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுவோர் தேறுவது எளிது; நாட்செல்லச் செல்ல அரிது. எம் மகன் இழந்த பதினொரு மாதத்தை எவரும் திருப்பித் தர இயலாது. அதனினும் பெரிய இழப்பும் உண்டு. இளம் வயதில் இறந்த பிள்ளையின் வீட்டிற்குத் துக்கம் விசாரிக்கச் சென்று, ‘தீராத வயிற்றுவலியாம்’ என்று ஒருவர்க்கொருவர் தாழ்ந்த குரலிற் சொல்லிக்கொண்டு திரும்பியிருக்கின்றோம். அவ்வயிற்றுவலி யாதென்பதை நம்முட் பலர் அறிவோம். அறிந்தும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகவேனும் நாம் வாய் திறந்தோமில்லை.

சிலர், ‘நோய் குடும்பத்தில் வருவதாயிற்றே, பெண் கொடுப்போர் விசாரியாதிருப்பரோ?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. மிகவும் அஞ்சப்படும் மனச்சிதைவு நோயையே எடுத்துக்கொள்வோம். அந்நோயுடையவரின் உடன்பிறந்தாருள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேருக்கு அந்நோய் வருவதேயில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மாரடைப்பும் எத்தனையோ குடும்பங்களில் வழிவழியாக வருகின்றன. அவற்றை விசாரித்தறிந்தும் நாம் சம்பந்தம் செய்துகொள்கின்றோம். மணப்பேச்சில் உண்மையை மறைக்குமாறு யாம் கூறவில்லை. அதனைச் சொல்லவேண்டியவர் அக்குடும்பத்தார். கேட்கவேண்டியவர் சம்பந்தம் செய்ய வந்தவர். சொல்லும் காலமும் அவர்களுடையது. மூன்றாமவராகிய நமக்கு அதில் வேலை இல்லை.

எம் மகள் திருமணத்தில் அவ்வாறே செய்தோம். இரண்டாம் முறை பேச வந்தபோது யாமே அனைத்தையும் சொன்னோம். முதலில் வந்த ஓர் இடம் மறுமொழியின்றி விலகிற்று. வருந்தினோம். அடுத்து வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாயார் சிறிது நேரம் பேசாதிருந்து, ‘எங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருந்தார், நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை’ என்றார். அச்சம்பந்தமே முடிந்தது. கலியாணத்தன்று எம் மகன் வாயிலில் நின்று பன்னீர் தெளித்தான். வந்தவர்களில் நீங்களும் பலர் இருந்தீர்கள்.

இனி, யாம் வேண்டுவது யாதெனக் கூறுவோம். ஈராண்டுகட்கு முன் அப்பேருந்துப் பயணத்தினின்று ஒரு சிறு கூட்டம் தோன்றிற்று. இரண்டு குடும்பங்களாகத் தொடங்கி இன்று ஒன்பது குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு வீட்டிற் கூடுகின்றோம். அவற்றுள் மூன்று நம் சமூகத்தைச் சேர்ந்தவை அல்ல. நோய் குலம் பார்த்து வருவதில்லை. துணையும் குலம் பார்க்க வேண்டா. எமக்கு முதலில் தேநீர் நீட்டிய அவ்வம்மையாரே எம் கூட்டத்தில் மூத்தவர். அதிசயங்கள் நிகழ்ந்தன என்று சொல்லோம். ஒரு பையன் கல்லூரிக்குத் திரும்பினான். ஒரு பெண் இவ்வாண்டிலேயே இரண்டு முறை மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டாள். ஒரு குடும்பம் வருவதை நிறுத்திக்கொண்டது. ஆயின் எவரும் நள்ளிரவில் தனித்து அழவில்லை. அழைப்பதற்கு ஓர் எண் இருந்தது.

இத்தகைய கூட்டங்கள் நம்மவர் வாழும் ஊர்தோறும் ஏற்பட வேண்டும். அநுபவத்தால் யாம் கற்ற சில விதிகளை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, அங்குப் பேசப்பட்டது அங்கேயே நிற்றல் வேண்டும். பெயர்ப்பதிவேடு, புகைப்படம், கைப்பேசிக் குழுவிற் செய்தி ஆகிய இவை ஒன்றும் கூடா. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரின் செய்தியை இரகசியமாகக் காக்குமாறு மருத்துவத் தொழிலாளர்க்கு விதிக்கின்றது. நாம் நம் மனச்சாட்சியால் அவ்விதியை ஏற்போமாக.

இரண்டாவது, பெற்றோர் தம் கதையைச் சொல்லலாம். பிள்ளையின் கதை பிள்ளையினுடையது. அவன் அநுமதி பெற்றே அதனைச் சொல்லல் வேண்டும்.

மூன்றாவது, கேளாதவர்க்கு அறிவுரை வேண்டா. ஒருவர் பிள்ளைக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவர்க்குச் சிபாரிசு செய்தல் அறவே கூடாது. கோயிலுக்கும் தர்காவுக்கும் வேண்டிக்கொள்வதை யாம் தடுப்பதில்லை, யாமும் வேண்டிக்கொண்டவரே. ஆனால் வேண்டுதல் மருந்திற்குப் பதிலாகாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநோயர் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களும் ஒரு தாய் வயிற்றிற் பிறந்தவரே. எப்பிள்ளையும் மீண்டும் அவ்வாறு கட்டப்படலாகாது. இன்று சட்டமும் மனநோயரைச் சங்கிலியிற் பிணிப்பதைத் தடுக்கின்றது.

நான்காவது, தந்தையரும் வருதல் வேண்டும். எம் கூட்டத்தில் முதலாண்டில் தாய்மாரே வந்தனர். கடை, அலுவலகம் என்று சாக்குச் சொல்லித் தந்தையர் வாயிலில் வண்டியிலேயே அமர்ந்திருந்தனர். உள்ளே வந்து அமர்ந்தபின்னரே அவர்களும் அழவேண்டியவர்கள் என்பது தெரிந்தது.

ஐந்தாவது, உயிருக்கு அபாயம் தோன்றும்போது கூட்டத்தை எதிர்பார்த்து நிற்றலாகாது. பிள்ளை சாவைப் பற்றிப் பேசின், ‘சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று அன்போடு நேரிற் கேட்க வேண்டும். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகப் பிறந்துவிடாது. சொல்ல ஓர் இடம் கிடைத்தது என்று பிள்ளை ஆறுதலே பெறும். அவனைத் தனியே விடாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அகற்றிப் பூட்டிவைத்தல் வேண்டும். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் அம்மையார் தொடங்கிய ‘சிநேகா’ அமைப்பினர், காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களிற் பூச்சிமருந்தை வீடுகளில் வையாது ஊர்ப் பொதுவிடத்திற் பூட்டிவைக்கும் முறையை நடத்திப் பார்த்தனர். அவ்வூர்களில் தற்கொலைகள் குறைந்தன. பூட்டவேண்டியது பிள்ளையை அன்று, நஞ்சை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவிக்கு 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் மனநலச் சிகிச்சை உண்டு. செலவிற்கு அஞ்சி ஒருவரும் வீட்டிலிருக்க வேண்டா.

நிர்வாக சபையாரிடம் யாம் வேண்டுவன மூன்றே. பணமும் கட்டடமும் கேட்கவில்லை. ஒன்று, 14416 என்னும் எண்ணையும், பெற்றோர் கூட்டத்தை அணுகுதற்குரிய ஓர் எண்ணையும், நம் மாத வெளியீட்டில் இதழ்தோறும் அச்சிடுக. அவ்வெண்களை மணமக்கள் விவரம் அச்சிடும் பக்கத்திலேயே இடுமாறு வேண்டுகின்றோம். எல்லோரும் காணும் பக்கம் அதுவே. இரண்டு, நம் மாணவர் விடுதிக் காப்பாளர்கள் இந்நோய்களின் குறிகளை அறிந்துகொள்ளுமாறு மனநல வைத்தியர் ஒருவரைக்கொண்டு ஆண்டுதோறும் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்க. மூன்று, பிறர் வீட்டு மனநோய்ச் செய்தியைச் சம்பந்தப் பேச்சில் எடுத்துரைப்பதில்லை என்று இவ்வவையிலுள்ள ஒவ்வொருவரும் உறுதி கொள்க. முதலிரண்டையும் நிர்வாக சபையார் செய்துவிடலாம். மூன்றாவதை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுத் திண்ணையில்தான் செய்ய வேண்டும்.

இக்கூட்டம் முடிந்து பந்தி தொடங்கும்போது எவரேனும் எம்மிடம் வந்து பேச விரும்பலாம். எல்லோரும் காண வந்து பேசுதல் அரிது என்பதை யாம் அறிவோம். ஆதலின் இன்று மாலை முழுதும் யாமும் எம் மனைவியும் மண்டபத்தின் பின்புறத் தோட்டத்தில், கிணற்றடியில் அமர்ந்திருப்போம். வருவோர் ஒன்றும் சொல்ல வேண்டுவதில்லை. வந்து அமர்ந்தாற் போதும். இன்று வர இயலாதோர் பிறிதொரு நாள் வருக. யாம் வேற்றூர்க் கூடத்திற் சுவரைப் பார்த்துக் கழித்த நாட்களை நம் சமூகத்தில் வேறொரு தாயும் தந்தையும் கழிக்காதிருக்க வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

 எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளைக் காப்பானாக. அவர்களைக் காக்கும் பெற்றோர்க்கு நாம் துணை நிற்க நமக்கு நல்லறிவு அருள்வானாக.